பிடி நழுவக் கூடாது

பொழுது இன்னும் விடியவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது.

பால்காரர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். வண்டியின் இரண்டு பக்கமும் பால் கேன்கள். ஒவ்வொன்றிலும் 20 லிட்டர் பால்.

அவருடைய ஊர் கர்நாடகத்தில் கோலார் தங்கவயலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. பலர் வேறு பிழைப்புத் தேடினார்கள். இவர் பால் வியாபாரத்துக்கு வந்தார். ஊரில் வீடு வீடாகப் பால் வாங்குவார். பங்காருப்பேட்டைக்குக் கொண்டுபோய் விற்பார்.

அன்று சாலையில் ஒரு பள்ளம். அதில் மழைத் தண்ணீர் நிறைந்திருந்தது. பள்ளம் இருப்பது தெரியவில்லை. முன் சக்கரம் அதில் இறங்கியது. வண்டி குலுங்கியது. பால்காரர் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தார்.

இடது கையில் இருந்த ரப்பர் பிடி அப்படியே கழன்று வந்தது. ரப்பர் கையில் இருந்தது. ஹேண்டில் கையில் இல்லை. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவரும் விழுந்தார்.

நல்ல வேளை. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. தலையில் ஹெல்மெட் இருந்தது. முழங்கையும் உள்ளங்கையும் மட்டும் சிராய்த்துக்கொண்டன. ஆனால் 40 லிட்டர் பாலும் சாலையோடு ஓடிவிட்டது. பால் கொடுத்தவர்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். அதை அவர் தன் கையில் இருந்துதான் கொடுக்க வேண்டும்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கடைக்கு வந்தார்.

"அண்ணே, இந்தக் கிரிப்பை நாலு நாளைக்கு முன்னாலதான் மாத்தினேன். புத்தம் புதுசு. இது எப்படிக் கழன்று வரும்?"

மெக்கானிக் கிரிப்பை வாங்கிப் பார்த்தார். மூக்கின் அருகே கொண்டுபோனார்.

"தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்குதே தம்பி!"

பால்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உள்ளே ஏறவே இல்லை அண்ணே. பக்கத்து வீட்டுப் பையன் எண்ணெய் தடவச் சொன்னான். தடவினேன். ஒரே தள்ளுல ஏறிட்டுது."

"எப்படி ஏறிச்சோ அப்படியே இறங்கிட்டுது," என்றார் மெக்கானிக்.

கிரிப் மாற்றுவது சின்ன வேலைதான். அரை மணி நேரத்தில் வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் சரியாகச் செய்ய வேண்டும். தவறாகச் செய்தால் உயிருக்கே ஆபத்து. எப்படிச் செய்வது? மெக்கானிக் அன்று சொன்னதை நாமும் கேட்போம்.

கைப்பிடியின் வேலை என்ன?

"தம்பி, கிரிப்பு அழகுக்கு இல்லை," என்று மெக்கானிக் தொடங்கினார்.

மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் ஓர் இரும்புக் குழாய். அதன் இரண்டு முனைகளிலும் ரப்பர் பிடி இருக்கும். அதைத்தான் கிரிப் என்கிறோம்.

இடது கிரிப் இரும்புக் குழாயின் மேல் நேராக உட்கார்ந்திருக்கும். அது அசையக் கூடாது. கிளட்ச் பிடிக்கும்போதும் வண்டியை வளைக்கும்போதும் அதுதான் நமக்குப் பிடிமானம்.

வலது கிரிப் அப்படி இல்லை. இரும்புக் குழாயின் மேல் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அந்தப் பிளாஸ்டிக் குழாயின் மேல்தான் வலது கிரிப் உட்காரும். கிரிப்பைத் திருகினால் பிளாஸ்டிக் குழாயும் சேர்ந்து திரும்பும். அது ஆக்சிலேட்டர் கேபிளை இழுக்கும். வண்டி வேகம் எடுக்கும். கையை விட்டால் கிரிப் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பும். வேகம் குறையும்.

வலது கிரிப் தளர்ந்தால் என்ன ஆகும்? ரப்பர் மட்டும் சுற்றும். உள்ளே இருக்கும் குழாய் சரியாகச் சுற்றாது. லாரியை முந்தும் நேரத்தில் வேகம் கிடைக்காமல் போகலாம்.

கிரிப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. எஞ்சின் ஓடும்போது ஹேண்டில் அதிரும். நல்ல ரப்பர் அந்த அதிர்வில் கொஞ்சத்தைத் தாங்கிக்கொள்ளும். ரப்பர் தேய்ந்தாலோ இறுகிப்போனாலோ அதிர்வு முழுவதும் கைக்கு வரும். வெகு தூரம் ஓட்டினால் விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரலால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியுமா?

ரப்பர் ஏன் கெடுகிறது?

"ரப்பரும் பாலில் இருந்துதான் வருது தம்பி," என்றார் மெக்கானிக்.

பால்காரருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது உண்மைதான். ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பாலை உறைய வைத்து ரப்பர் எடுக்கிறார்கள். நம் நாட்டில் கேரளத்தில் ரப்பர் மரங்கள் மிகுதி. கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர்த் தோட்டங்கள் உண்டு.

வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்துப்போகும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் குட்இயர் என்பவர் ஒரு வழி கண்டார். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினார். ரப்பர் உறுதியானது. இன்று டயர், செருப்பு, கிரிப் எல்லாம் செய்ய அந்த வழிதான் அடிப்படை. இப்போது செயற்கை ரப்பரிலும் கிரிப் வருகிறது.

எவ்வளவு உறுதியானாலும் ரப்பருக்கு எதிரிகள் உண்டு.

வெயில் ஓர் எதிரி. நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் வண்டியின் கிரிப் சீக்கிரம் வெடிக்கும்.

கையின் வியர்வையும் அழுக்கும் இன்னோர் எதிரி.

எண்ணெயும் பெட்ரோலும் பெரிய எதிரிகள். ரப்பர் எண்ணெயைக் குடிக்கும். ஊதிப்போகும். பிசுபிசுவென்று ஆகும். குழாயை இறுக்கிப் பிடிக்கும் பலம் அதற்குப் போய்விடும்.

"எண்ணெய் உலராது தம்பி. தண்ணீர் காய்ந்துபோகும். ஸ்பிரிட் பறந்துபோகும். எண்ணெய் அங்கேயே இருக்கும். கிரிப்புக்கும் குழாய்க்கும் நடுவுல நின்னுக்கிட்டு இரண்டையும் சேர விடாது. நேத்து மழைத் தண்ணியும் உள்ளே போயிருக்கும். அப்புறம் கேக்கணுமா?"

எப்போது மாற்ற வேண்டும்?

கீழே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் கிரிப்பை மாற்றிவிடுங்கள்.

ரப்பர் வெடித்திருக்கிறது.

மேலே உள்ள வரிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன.

தொட்டால் கையில் கருப்பாக ஒட்டுகிறது.

முனை கிழிந்து உள்ளே இருக்கும் இரும்பு தெரிகிறது.

கையால் திருகினால் இடது கிரிப் சுற்றுகிறது.

சிலர் தேய்ந்த கிரிப்பின் மேல் துணியைச் சுற்றுகிறார்கள். மழையில் துணி நனையும். நனைந்தால் நழுவும். சிலர் பழைய கிரிப்பின் மேல் உறை மாட்டுகிறார்கள். உறை தளர்ந்தால் அதுவும் கையோடு சுற்றும். பிடியும் தடிமனாகிவிடும். பிரேக்கை விரல் எட்டிப் பிடிப்பது கடினம். கெட்டதை மூடி வைக்காதீர்கள். மாற்றிவிடுங்கள். சாதாரண வண்டிக்கு ஒரு ஜோடி கிரிப் ஓரிரு நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

பால்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சாலையில் ஓடிய பாலின் விலை அதைப்போலப் பல மடங்கு.

கடையில் வாங்கும்போது

கிரிப்பை ஜோடியாக விற்பார்கள். ஆனால் இரண்டும் ஒன்று அல்ல.

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் ஹேண்டில் குழாயின் குறுக்களவு சுமார் 22 மில்லிமீட்டர். இடது கிரிப்பின் ஓட்டை அதற்கு ஏற்ற அளவில் இருக்கும். வலது பக்கம் பிளாஸ்டிக் குழாயும் சேர்ந்திருக்கிறது. அதனால் வலது கிரிப்பின் ஓட்டை 2 அல்லது 3 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டையைப் பாருங்கள். பெரிய ஓட்டை உள்ளது வலது பக்கம். சின்ன ஓட்டை உள்ளது இடது பக்கம். இடம் மாற்றி மாட்டினால் ஒன்று ஏறாது. இன்னொன்று நிற்காது.

உங்கள் வண்டியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பையில் அதே பெயர் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அச்சிட்ட விலையையும் படியுங்கள். அதற்கு மேல் கொடுக்க வேண்டாம். பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேவையான பொருள்கள்

புதிய கிரிப் ஒரு ஜோடி.

கிரிப் ஒட்டும் பசை. பல மெக்கானிக்குகள் ரப்பர் ஒட்டும் பசையையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு தட்டைத் திருப்புளி. ஒரு நட்சத்திரத் திருப்புளி.

ஒரு கத்தி. உப்புத்தாள். நல்ல துணி.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் கொஞ்சம். அல்லது சோப்புத் தண்ணீர்.

ஸ்பிரிட்டும் பசையும் சட்டென்று தீப்பிடிக்கும். அருகில் பீடி, சிகரெட், அடுப்பு, விளக்கு இருக்கக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பழைய கிரிப்பைக் கழற்றுவது

முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சின் சூடு ஆறட்டும்.

சில வண்டிகளில் ஹேண்டிலின் முனையில் ஓர் இரும்புக் குமிழ் இருக்கும். அது அதிர்வைக் குறைக்க வைத்த கனம். அதன் நடுவில் திருகாணி இருக்கும். நட்சத்திரத் திருப்புளியால் அதைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள்.

இனிக் கிரிப்பைக் கழற்ற மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, வெட்டி எடுப்பது. தூக்கிப்போடும் கிரிப் என்றால் இதுதான் சுலபம். கத்தியை உங்கள் உடம்பை நோக்கி இழுக்காதீர்கள். வெளிப்பக்கமாகத் தள்ளி வெட்டுங்கள். நீளவாக்கில் ஒரு கோடு போட்டால் போதும். வலது பக்கம் மிகவும் மெதுவாக வெட்டுங்கள். ஏன்? ரப்பருக்கு அடியில் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. கத்தி அதில் படக் கூடாது. பிளாஸ்டிக் குழாய் வெட்டுப்பட்டால் அதையும் மாற்ற வேண்டி வரும்.

இரண்டாம் வழி, நெம்பி எடுப்பது. கிரிப்பைத் திரும்பவும் பயன்படுத்த வேண்டும் என்றால் இந்த வழி. தட்டைத் திருப்புளியைக் கிரிப்புக்கும் குழாய்க்கும் நடுவில் மெதுவாக நுழையுங்கள். அந்த இடைவெளியில் கொஞ்சம் ஸ்பிரிட் அல்லது சோப்புத் தண்ணீர் விடுங்கள். கிரிப்பை முன்னும் பின்னும் திருகுங்கள். ஈரம் உள்ளே பரவும். பிடி விடும். பிறகு திருகிக்கொண்டே வெளியே இழுங்கள்.

மூன்றாம் வழி, காற்று அடிப்பது. பஞ்சர் கடையில் இப்படிச் செய்வார்கள். காற்றுக் குழாயின் முனையைக் கிரிப்பின் ஓரத்தில் நுழைத்துக் காற்று விடுவார்கள். கிரிப் பலூன்போல உப்பும். வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அப்போது முகத்தை ஹேண்டில் முனைக்கு நேரே வைக்காதீர்கள். கிரிப் வேகமாகத் தெறிக்கும்.

பழைய ரப்பரை எரிக்காதீர்கள். அந்தப் புகை உடம்புக்குக் கெடுதல். பழைய பொருள் எடுப்பவரிடமோ குப்பை வண்டியிலோ போடுங்கள்.

குழாயைச் சுத்தம் செய்வது

"பாதிப் பேர் இங்கேதான் தப்பு செய்யறாங்க," என்றார் மெக்கானிக். பால்காரரின் வண்டியில் ஹேண்டில் குழாய் எண்ணெயில் பளபளத்தது.

குழாயில் பழைய பசை இருந்தால் சுரண்டி எடுங்கள். துரு இருந்தால் உப்புத்தாளால் தேயுங்கள். எண்ணெய் இருந்தால் முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். துணி சுத்தமாக வரும் வரை துடையுங்கள்.

வலது பக்கத்துப் பிளாஸ்டிக் குழாயை உப்புத்தாளால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். துணியால் துடைத்தால் போதும். அதில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதிய குழாய் போடுங்கள்.

ஹேண்டில் குழாயையும் பாருங்கள். வளைந்திருக்கிறதா? கீறல் விட்டிருக்கிறதா? அப்படி இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கிரிப் மட்டும் மாற்றினால் போதாது.

எண்ணெய் பட்ட கிரிப்பைத் திரும்பவும் போடலாமா? ரப்பர் எண்ணெயைக் குடித்திருக்கும். மேலே துடைத்தாலும் உள்ளே இருப்பது போகாது. அதனால் மெக்கானிக் அந்தக் கிரிப்பை ஒதுக்கிவிட்டுப் புதிய ஜோடி எடுத்தார்.

புதிய கிரிப்பை மாட்டுவது

இடது கிரிப்பை மெக்கானிக் மாட்டினார். பால்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கிரிப்பைப் பால்காரரே மாட்டினார்.

முதலில் ஒரு முறை பசை இல்லாமல் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும்? எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும்? இதைப் பார்த்துக்கொண்டால் பிறகு தடுமாற்றம் இருக்காது.

அடுத்துக் குழாயின் மேல் மெல்லிய பூச்சாகப் பசை தடவுங்கள். கிரிப்பின் உள்ளேயும் கொஞ்சம் தடவுங்கள். ஈரமாக இருக்கும்போது பசையே வழுக்கும். அதனால் கிரிப் சுலபமாக ஏறும். உலர்ந்தால் அதே பசை இறுக்கிப் பிடிக்கும். பார்த்தீர்களா? எண்ணெய் செய்யும் உதவியைப் பசையும் செய்கிறது. எண்ணெய் செய்யும் கெடுதலைச் செய்வதில்லை.

பசை தடவியதும் நேரம் கடத்தாதீர்கள். திருகிக்கொண்டே ஒரே மூச்சில் தள்ளுங்கள். சரியான இடத்தில் நிறுத்துங்கள். வெளியே வழிந்த பசையை உடனே துடையுங்கள்.

வலது பக்கம் மூன்று கவனம் தேவை.

ஒன்று, பசையை அளவோடு தடவுங்கள். பிளாஸ்டிக் குழாய்க்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவில் பசை போகக் கூடாது. போனால் ஆக்சிலேட்டர் திரும்பாது.

இரண்டு, கிரிப்பைக் கடைசி வரை அழுத்தி இடிக்காதீர்கள். கிரிப்பின் ஓரத்துக்கும் பக்கத்தில் இருக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவில் சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் ரப்பர் பெட்டியில் உரசும். திருகிய ஆக்சிலேட்டர் திரும்பி வராது.

மூன்று, முனையில் உள்ள குமிழும் வலது கிரிப்பில் உரசக் கூடாது.

அவசரத்துக்குச் சூப்பர் பசை போடலாமா? வேண்டாம். அது நொடியில் பிடித்துக்கொள்ளும். கிரிப் பாதி வழியில் நின்றுவிடும்.

ஒரு நாள் பொறுமை

வேலை முடிந்தது. பால்காரர் சாவியைக் கேட்டார்.

மெக்கானிக் பசைக் குழாயை அவர் கையில் கொடுத்தார்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு தம்பி."

பால்காரர் மாலை வகுப்பில் எழுத்தும் எண்ணும் கற்றவர். பசைக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிகாரப் படம் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் 24 என்று போட்டிருந்தது.

"24 மணி நேரம் அண்ணே."

"அப்போ நாளைக்குக் காலையில வண்டியை எடுக்கக் கூடாது."

"அது எப்படி அண்ணே? இன்னைக்கே பால் போச்சு. நாளைக்கும் போகலைன்னா கடைக்காரர் வேறு ஆளைப் பிடிச்சுக்குவாரே!"

மெக்கானிக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருக்கும் அது தெரியும். தினக் கூலியில் பிழைப்பவருக்கு ஒரு நாள் என்பது பெரிய நாள்.

"உலராத பசையும் எண்ணெய் மாதிரிதான் தம்பி. இன்னைக்குப் பின்னால லாரி வரலை. நாளைக்கும் வராதுன்னு யார் சொன்னது?"

பால்காரர் வீட்டுக்கு நடந்தே போனார். மனைவியிடம் விவரம் சொன்னார். அவர் சிராய்த்த கையைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு என் தம்பி சைக்கிள்ல ஒரு கேன் கொண்டுபோகட்டும். இன்னொரு கேனை நான் முதல் பஸ்ல கொண்டுவரேன். கடைக்காரரிடம் இப்பவே போன்ல சொல்லிடுங்க," என்றார்.

அப்படியே செய்தார்கள். கடைக்காரர் வேறு ஆளைத் தேடவில்லை.

பெரும்பாலும் பசையின் மேல் உலரும் நேரம் எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள். மொழி புரியாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். அந்த நேரம் முடியும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

ஓட்டும் முன் மூன்று சோதனைகள்

மறுநாள் மாலை பால்காரர் கடைக்கு வந்தார். மெக்கானிக் மூன்று சோதனைகள் செய்து காட்டினார். கிரிப் மாற்றிய எல்லோரும் இவற்றைச் செய்ய வேண்டும்.

முதல் சோதனை: இடது கிரிப்பை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருகுங்கள். வெளியே இழுத்தும் பாருங்கள். துளிகூட அசையக் கூடாது.

இரண்டாம் சோதனை: எஞ்சின் ஓடக் கூடாது. வலது கிரிப்பை முழுவதும் திருகிக் கையை விடுங்கள். டக்கென்று தானாகத் திரும்ப வேண்டும். ஹேண்டிலை நேராக வைத்துப் பாருங்கள். இடது பக்கம் முழுவதும் வளைத்துப் பாருங்கள். வலது பக்கம் முழுவதும் வளைத்துப் பாருங்கள். மூன்று நிலையிலும் திரும்ப வேண்டும். மெதுவாக வந்தாலோ நடுவில் நின்றாலோ வண்டியை ஓட்டாதீர்கள். எங்கே உரசுகிறது என்று பார்த்துச் சரி செய்யுங்கள்.

மூன்றாம் சோதனை: வண்டி ஸ்டாண்டிலும் நியூட்ரலிலும் இருக்கட்டும். எஞ்சினை ஓட விடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஹேண்டிலை இரு பக்கமும் வளையுங்கள். எஞ்சின் சத்தம் கூடக் கூடாது. கூடினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மூன்றும் சரியாக இருந்தால் வண்டி தயார்.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறீர்களா?

அதில் சத்தம் இருக்காது. நின்றுகொண்டிருப்பதாக நினைப்போம். வலது கிரிப்பைத் திருகினால் வண்டி சட்டென்று ஓடும். அதனால் சாவியை எடுக்காமல் கிரிப்பில் கை வைக்காதீர்கள். பல வண்டிகளில் வலது பிடிக்குள் மின் கம்பிகளும் இருக்கும். கத்தியோ திருப்புளியோ நுழைத்தால் அவை அறுந்துபோகும். வலது பக்கத்தைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பழைய கியர் ஸ்கூட்டரில் இடது பிடியும் திரும்பும். அதைத் திருகித்தான் கியர் மாற்றுகிறோம். அங்கே இரண்டு பக்கமும் வலது பக்கத்துக்குச் சொன்ன கவனம் தேவை.

மழை வந்தது, பிடி நின்றது

சில நாள் கழித்து மறுபடியும் மழை. அதே சாலை. அதே பள்ளம். பால்காரர் இந்த முறை பள்ளத்தைத் தெரிந்து வைத்திருந்தார். வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போனார். இருந்தாலும் பின் சக்கரம் ஓரத்தில் இறங்கிக் குலுங்கியது. பிடி கையை விட்டு நழுவவில்லை. பால் சிந்தவில்லை.

அன்று மாலை பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். அவன் கையில் புதிய கிரிப் ஒரு ஜோடி இருந்தது.

"மாமா, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தர்றீங்களா?"

பால்காரர் சிரித்தார். தன் உள்ளங்கையில் இருந்த தழும்பை அவனுக்குக் காட்டினார். பிறகு பசைக் குழாயை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"முதல்ல இதைப் படிடா," என்றார்.

நினைவில் வைப்போம்

வெடித்த கிரிப், வழவழத்த கிரிப், சுற்றும் கிரிப் ஆபத்து. உடனே மாற்ற வேண்டும்.

எண்ணெய், கிரீஸ் தடவிக் கிரிப் மாட்டக் கூடாது.

சின்ன ஓட்டை இடது பக்கம். பெரிய ஓட்டை வலது பக்கம்.

வலது கிரிப் எங்கும் உரசக் கூடாது. கையை விட்டால் தானாகத் திரும்ப வேண்டும்.

பசை உலரும் வரை வண்டியை எடுக்கக் கூடாது.

பேசிப் பார்ப்போம்

1. பால்காரரின் கிரிப் ஏன் கழன்று வந்தது?

2. வலது கிரிப்புக்கும் இடது கிரிப்புக்கும் என்ன வேறுபாடு?

3. ஒரு நாள் வண்டி ஓட்டாமல் இருக்கப் பால்காரர் குடும்பம் என்ன வழி கண்டது? உங்கள் வீட்டில் என்றால் என்ன செய்வீர்கள்?

4. உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் வண்டி இருக்கிறதா? அதன் கிரிப்பை இன்று திருகிப் பாருங்கள். எப்படி இருக்கிறது என்று நான்கு வரிகள் எழுதுங்கள்.